மாலிக்குப் போன பாவாடைகள்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட தங்கச்சி திரேசாவுக்கு,

யாழ்ப்பாணத்துக்குப் போகிற கண்டி வீதியைத் திறந்த வருஷம் அது. சண்டை ஓய்ந்திருந்தது. மொன்றியலில் எங்கள் தேவாலயப் பங்குச் சனம் முழுக்கச் சூட்கேஸ் வாங்கிக்கொண்டு திரிந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால், யார் எப்போது ஊருக்குப் பறக்கிறார்கள் என்பதுதான் கதை. நீ மட்டும் ஆப்பிரிக்காவுக்கு டிக்கெட் எடுத்தாய்.

"எல்லாரும் ஊருக்குப் போக இவளுக்கு மாலி கேக்குது. அங்க ஆரடி இருக்கினம் உனக்கு?" என்றாள் எங்கள் மூத்தவள் ரோசக்கா.

"பொம்பிளையள் இருக்கினம்" என்றாய் நீ.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பங்கில் மறைக்கல்வி படிப்பிக்கும் ஜெசிந்தா எழுதுகிறாள், உன் ஆண்டு நினைவு மலருக்காக. ஞாபகத்தில் பிழை இருந்தால் என்னை ஏசு, அவளை ஏசாதே.

அம்மா மாதக்கணக்காக இரத்தம் போனதை ஒருவருக்கும் சொல்லாமல் படுத்தாள், பிறகு எழும்பவேயில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது, உனக்கு ஏழு. விடியமுன் அவள் தனியாகத் துணி தோய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏனென்று கேட்க எனக்குத் தெரியவில்லை. நீ நேர்ஸ் வேலைக்குப் படித்தது அதனால்தானா? ஓய்வெடுத்த பிறகும் குளிர்காலம் முழுக்க மாலியில் அந்தப் பஸ் போகாத ஊரில் போய் இருந்தது அதனால்தானா? இத்தனை வருஷத்தில் நான் அதையும் கேட்கவில்லை.

போகுமுன் என்னிடம் வந்தாய். "அண்ணை, கர்ப்பப்பை வாயிலை வினாகிரி தடவிப் பாக்கிற சோதனை. வருத்தம் வரப்போற இடம் வெளிறிக் காட்டும். அப்பவே அதைக் கருக்கிவிட்டால் புற்றுநோய் வராது. ஆனால் பொம்பிளையள் உடுப்பைக் கழட்ட வெக்கப்படுவினம். கழட்டாமலே சோதிக்கிற மாதிரி ஒண்டு தைச்சுத் தா."

உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டியே கிழவனானவன் நான். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற அகலப் பாவாடை. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று படிகிற இரண்டு மடிப்பு. தேவையான இடம் மட்டும் விலகும். வெட்டு சரியாக வந்தது. நிறத்தில்தான் பிழைவிட்டோம். "வெள்ளையிலை தை தம்பி, புதுநன்மைப் பிள்ளையள் மாதிரித் துப்புரவா இருக்கும்" என்று அக்கா சொன்னாள். நானும் ஓம் என்றேன். கல்யாணத்துக்கும், நற்கருணையை முதன்முதல் வாங்கும் புதுநன்மைக்கும் வெள்ளை உடுத்த சனம் நாங்கள், வேறென்ன நினைப்போம்? விளிம்பில் லேஸ் வேறு பிடித்தாள்.

எனக்கு வாசிக்கத் தெரியாதென்று நீ கடிதம் எழுதுவதில்லை. கசெட்டில் பேசி, வருகிற போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவாய். முதல் கசெட்டிலேயே உன் குரல் இறங்கிக் கிடந்தது. அந்த ஊரில் செத்தவர்களைத்தான் வெள்ளைத் துணியால் சுற்றுவார்களாம். கட்டிலில் படுக்கவைத்து வெள்ளையால் மூடப் பார்த்தாய் என்று, வந்த பெண்களும் எழும்பி ஓடிவிட்டார்களாம். உனக்கு மொழிபெயர்த்த ஊர் மருத்துவிச்சி ஆவா விழுந்து விழுந்து சிரித்தாளாம். "நாங்கள் இன்னும் சாகேல்லை எண்டு உங்கட அண்ணைக்குச் சொல்லுங்கோ. லேஸ் மட்டும் நல்ல வடிவு."

சிரிப்புக்குப் பிறகு நீ சொன்னதுதான் எங்களைச் சுட்டது. பங்குனிக்குள் பெண்கள் வராவிட்டால் அந்தச் சோதனை அறையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

பழைய முதலாளியிடம் போய் நின்றேன். வெட்டி மிஞ்சிய துணி எல்லாவற்றையும் அள்ளித் தந்தார். நீலத்தில் மஞ்சள் பூ, பச்சையில் சிவப்புக் கோடு. நான் வெட்ட, அக்கா தைத்தாள். "வெள்ளை எண்டு சொன்னது நான்தான். என்ரை வாயை முதல்லை தைக்கவேணும்" என்று மெஷினோடு கதைத்துக்கொண்டே தைத்தாள். மாலிக்குப் போன ஒரு சுவாமியார் பொதியைக் கொண்டுபோனார்.

அடுத்த கசெட்டில் நீ கத்தினாய்: "அண்ணை, உடுப்பெல்லாம் களவு போகுது!"

சோதனை முடிந்த பெண்கள் பாவாடையைத் திருப்பித் தரவில்லை. அதையே கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். பூப் பாவாடை கட்டியவள் சோதனை செய்துகொண்டாள் என்று ஊருக்கே தெரிந்தது. எங்கே எடுத்தாய் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அறை வாசலில் வந்து நின்றார்கள். தாய்மார் மகள்மாரையும் கூட்டி வந்தார்கள், ஏற்புத் தடுப்பூசி போட, மாதவிலக்கைப் பற்றிக் கேட்க. நீ பேசிப் பேசி முடியாத காரியத்தை ஒரு துணி செய்துவிட்டது என்று நீயே சொன்னாய்.

அந்தக் கசெட்டின் கடைசியில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தாய். பேரப்பிள்ளை கண்டவள். மாதவிலக்கு நின்று பல வருஷத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம் பட்டதாம். வெட்கத்தில் மறைத்தவள் பாவாடைக்காக வந்து சொல்லிவிட்டாளாம்.

அக்கா ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தம்பி, அதை இன்னொருக்காப் போடு."

போட்டேன். "இன்னொருக்கா."

மூன்றாம் தரம் நான் கசெட்டைக் கேட்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். "எவ்வளவு நாளா, அக்கா?"

"கார்த்திகையிலை இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்ல? உனக்கோ? நீ நான் மூக்குச் சளி துடைச்சுவிட்ட பொடியன்."

மொன்றியல் லாசாலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஆஸ்பத்திரி. கேட்க ஆளிருந்தது, கட்டிலிருந்தது. அவள் அம்மா மாதிரியே வாய் பொத்திக்கொண்டு, மாலிப் பெண்களுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கொடுத்த நீலக் கடதாசி உடுப்பை அக்கா தொடவில்லை. பையைத் திறந்து மஞ்சள் பூப் பாவாடையை எடுத்தாள். "அந்தச் சனத்துக்கு இது காணுமெண்டால் எனக்கும் காணும்." டொக்டரம்மா மடிப்பை விரித்துப் பார்த்து, எங்கே வாங்கியது என்று பிரெஞ்சில் கேட்டாளாம். "அஃப்ரிக்" என்று அக்கா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

புற்றுநோய் கர்ப்பப்பையை விட்டு வெளியே போயிருக்கவில்லை. கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டரம்மா சொன்னாள். நீ பங்குனியில் திரும்பி வந்து, விமான நிலையத்திலிருந்து நேரே அக்காவின் கட்டிலடிக்குப் போனாய். அவளை ஏசினாய், பிறகு அவள் தலையை மடியில் வைத்து அழுதாய். நான் வெளியே போய் நின்றேன். அன்று சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லவில்லை. இன்று ஊர் கேட்கச் சொல்கிறேன், திரேசா. உன்னால்தான் எனக்கு அக்கா இருக்கிறாள்.

உனக்குச் சொல்லச் செய்திகள் இருக்கின்றன. அந்த அறை பூட்டப்படவில்லை. ஆவாவே இப்போது வினாகிரிச் சோதனை செய்கிறாள். பக்கத்து ஊர்ப் பெண்களும் நடந்து வருகிறார்களாம். நீ போன செய்தி கேட்டு, எல்லாரும் பூப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து உனக்காக மன்றாடினார்களாம். இங்கே இந்தச் சித்திரையில் மெத்ரோ ரயில் ஆற்றைத் தாண்டி லவால் வரைக்கும் ஓடத் தொடங்கிவிட்டது. அக்கா முதல் கிழமையே ஏறிப் போய்வந்தாள். "ஆத்துக்குக் கீழாலை போனன், செருப்பு நனையேல்லை" என்று பூசைக்கு வந்த எல்லாரிடமும் சொன்னாள்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. கண் தெரியும்வரை ஐப்பசிக்கு ஐப்பசி மாலிக்குப் பொதி போகும். டொக்டரம்மா சொன்ன தவணைகளில் ஒன்றையும் அக்கா தட்டிக்கழிக்க விடமாட்டேன். அவள் எவ்வளவு ஏசினாலும் நானே பக்கத்தில் இருந்து கூட்டிப்போவேன், உடம்புக்கு என்ன செய்கிறது என்று வாய்விட்டுக் கேட்பேன்.

உன் அண்ணன் சவிரிமுத்து,
நம் வீட்டுப் பெண்களில் இன்னும் உயிரோடு இருக்கும் ரோசக்காவின் தம்பி.