பூட்டின் பதிவு

சான்ஸ்வில், ஒஹையோ
ஜூன் 11, 2024

கெண்ட்ராவுக்கு,

போனில் பேசினால் கத்துகிறோம், இனிமேல் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றத்து மத்தியஸ்தர் அம்மாள் சொன்னதால் எழுதுகிறேன். காகிதத்திலும் கத்தலாம் என்பது அவருக்குத் தெரியாது போலும்.

ஜோசியின் கிண்டர்கார்ட்டன் சேர்க்கைச் சோதனை முடிவு எனக்கும் வந்தது. ஐந்து வயது முடிந்துவிட்டது, கோட்டுக்கு ஜிப் போடத் தெரியவில்லை. பிறந்தநாள் எப்போது என்று ஆஸ்ட்ராண்டர் டீச்சர் கேட்டதற்கு, “கேக் வாங்குற அன்னிக்கு” என்றிருக்கிறாள் நம் மகள். நீ சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதத்தில் இருபத்தாறு நாள் அவள் உன்னிடம் இருக்கிறாள். பிரிந்த அப்பனுக்குக் கிடைப்பது நாலு நாள். அந்த இருபத்தாறு நாளும் நீ என்ன செய்கிறாய்?

ஆகஸ்ட் 12 விசாரணையில் இந்தத் தாளை நீதிபதியிடம் கொடுப்பேன். வாரத்தில் பாதி நாள் ஜோசி என்னிடம் இருக்க வேண்டும். வருகிற 22ஆம் தேதி வரும்போது நானே சொல்லித்தர ஆரம்பிக்கிறேன்.

டால்டன்

-

ஜூன் 17

டால்டன்,

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாய். காலை நாலரைக்கு எழுந்து பேக்கரிக்குப் போகிறேன். அந்தக் கோட்டின் ஜிப் உடைந்து இரண்டு மாதமாகிறது. வாங்கிக் கொடுத்தவன் நீ.

பள்ளி வாரியக் கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறோம் என்று பெற்றோர் எழுதித்தர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்ட காகிதம். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, “என் வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க நீங்க யாருங்க? எழுத்தைச் சொல்லிக்குடுங்க, அது போதும்” என்றாய். கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள், “உன் பழைய வீட்டுக்காரன் நல்லாத்தான் கத்துறான். முன்னாடியும் இப்படித்தானா?” என்றாள். “அப்ப மைக் இல்ல” என்றேன்.

ஜோசிக்கு வைத்த இன்னொரு சோதனையைப் பற்றி நீ எழுதவே இல்லையே? துப்பாக்கியோடு எவனாவது பள்ளிக்குள் வந்தால் ஒளிந்துகொள்ளும் ஒத்திகை அது. விளக்கை அணைத்துவிட்டு, அறை மூலையில் சத்தமில்லாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். அதில் நம் மகள்தான் வந்த பிள்ளைகளிலேயே முதல். பள்ளிக்கூடத்துக்குத் தயாராவது என்றால் இப்போது அதுவும்தான். அந்தப் பாடம் யாரால் வந்தது? அந்த மைக்கில் அதையும் பேசியிருக்கலாம்.

உன் வீட்டில் துப்பாக்கி இருக்கும்வரை பாதி நாள் கிடையாது.

கெண்ட்ரா

-

ஜூன் 24

கெண்ட்ரா,

பயத்தை வாதம் என்று எழுதாதே. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புகளை நான் பழுது பார்க்கிறேன். பாதுகாப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் துப்பாக்கிகள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டியைச் சுவரோடு நாலு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறேன். ஆறு இலக்க எண் பூட்டு. பத்து லட்சம் எண்களில் ஒன்றுதான் திறக்கும். மூன்று தடவை தப்பாக அழுத்தினால் பூட்டு அரைமணி நேரம் செத்துவிடும். ஒரு குழந்தை அதைத் திறக்க முடியாது. நான் சொல்வது கணக்கு, கருத்து இல்லை.

ஜோசி பிறந்தநாளைக் கற்றுக்கொண்டுவிட்டாள். படிவத்தில் நிரப்புகிற மாதிரி, மாதம், தேதி, வருடம், எல்லாம் இரண்டிரண்டு இலக்கமாகவே. மாடிப்படியில் ஒரு படிக்கு ஓர் எண் சொல்லி ஏறினோம். ஒரே சனிக்கிழமை. உனக்கு ஐந்து வருடம் போதவில்லை.

டால்டன்

-

ஜூலை 22

டால்டன்,

நேற்று இரவு உன் வீட்டிலிருந்து வந்தவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். “அம்மா, அப்பாவோட இரும்புப் பெட்டிக்கு என் பொறந்தநாள் தெரியும்” என்றாள்.

“யார் சொன்னா?”

“நானே அமுக்கினேன். பச்சை லைட் வந்துச்சு!”

“உள்ள என்னடி இருந்துச்சு?”

“கறுப்பா ஒண்ணு. கனமா இருந்துச்சும்மா.”

கனமாக. கண்ணால் பார்த்தவளுக்குக் கனம் தெரியாது, டால்டன். கையில் எடுத்தவளுக்குத்தான் தெரியும்.

நான் கத்தவில்லை. தலையைத் துவட்டி, தூங்க வைத்தேன். காலையில் முதல் வேலையாக வக்கீலுக்குப் போன் செய்தேன். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டு துப்பாக்கியைப் பூட்டுவானா ஒருவன்? பூட்டிவிட்டு, அதையே படிப்படியாக அவளுக்குச் சொல்லியும் கொடுப்பானா?

ஐந்து வயதுக் குழந்தை சொல்வது மட்டும் நீதிபதி முன் நிற்காது, குழந்தையின் அப்பா மறுத்துவிடுவார் என்கிறார் என் வக்கீல். மறுப்பாய் என்று எனக்கும் தெரியும். மறு.

கெண்ட்ரா

-

ஜூலை 25

கெண்ட்ரா,

மறுத்துத்தான் எழுதினேன், நாலு பக்கம். குழந்தை கற்பனை செய்கிறாள், நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்றெல்லாம். உறையில் போட்ட பிறகுதான், எப்போது திறந்தது, மூடியது என்று பூட்டு தானே குறித்துவைக்கும் பதிவைப் பார்த்தேன்.

பம்பில் கோளாறு வந்தால் நர்ஸ்கள் எல்லோரும், “நாங்க தொடவே இல்லப்பா” என்பார்கள். நான் மெஷினின் பதிவை எடுத்து நீட்டுவேன். எத்தனை பேரை அப்படித் தலைகுனிய வைத்திருக்கிறேன்.

ஜூலை 20, சனிக்கிழமை. மாலை 4.12, சரியான எண், திறப்பு. 4.19, மூடல்.

அப்போது நான் கராஜில் பக்கத்து வீட்டுக்காரனின் புல்வெட்டிக்கு பிளேடு தீட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடக் காகிதம் என்ன ஆச்சு என்று கேட்டான். ஏழு நிமிடமும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கைத்துப்பாக்கியின் வாய் எப்போதும் சுவரைப் பார்க்கும்படி வைப்பேன். நேற்று திறந்தபோது அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குண்டு நிரப்பித்தான் இருந்தது. அவசரத்துக்கு என்று.

அவள் பிறந்த வாரம் வாங்கிய பெட்டி. எனக்கு மறக்காது என்று அந்தத் தேதியை வைத்தேன். பத்து லட்சத்தில் ஒன்று என்று உனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவன், அந்த ஒன்றையும் அவள் கையில் கொடுத்தேன். முட்டாள் என்று நீ எழுதவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன்.

பதிவை அழிக்க ஒரு பொத்தான் உண்டு. விரலை வைத்தேன், பொய் சொல்லவில்லை. அழித்திருந்தால் உன்னிடம் ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் நான் ஜெயித்திருப்பேன். ஜெயித்தால் வாரத்தில் பாதி நாள் அவள் அந்த வீட்டில்தான் இருந்திருப்பாள்.

பதிவை அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வக்கீலிடம் கொடு. நீதிபதி கேட்டால் ஆமாம் என்பேன். பாதி நாள் கேட்ட மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். துப்பாக்கிகள் இரண்டையும் ஷெரிப் அலுவலகத்தில் ஒப்படைத்த சீட்டும் உள்ளே இருக்கிறது.

பள்ளிக்கூடம் என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. மாறிவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆனால் அவர்கள் கேட்ட அந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தாலும், “பூட்டித்தான் இருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அது உண்மையாகவும் இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு எரிகிறது.

ஆகஸ்ட் 3 அன்று அவளை அழைத்துப்போக வரமாட்டேன். இனி எப்போது வரலாம் என்று நீ சொல், அல்லது நீதிபதி சொல்லட்டும். அப்பா ஏன் வரவில்லை என்று ஜோசி கேட்பாள். தான் பெட்டியைத் திறந்ததால்தான் என்று நினைத்துக்கொள்வாள். நினைக்க விடாதே. பிறந்தநாள் எப்போது என்பது பள்ளிக்கூடத்தில் கேட்கப்போகிற கேள்வி. சரியான பதிலைத்தான் அவள் அழுத்தினாள். அதற்காக மட்டும் அவளைத் திட்டாதே.

டால்டன்