நிறம் பார்த்துப் பிரித்த துணிகள்

அக்கா,

நீலத் துணி டப்பாவைத் திறந்தால் இன்னமும் உங்கள் தையல் மிஷின் எண்ணெய் வாடைதான் முதலில் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்க வேண்டியதாயிற்று. ஒரகடத்துக் கம்பெனியில் வேலை பார்த்த பரமக்குடிப் பெண் வந்திருந்தாள். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறாளாம்.

"டீச்சர், அக்கா எனக்கொரு சின்ன மெத்தை தச்சுத் தாரேன்னு சொன்னாக. பாதியாச்சும் தச்சிருப்பாகளா?"

அந்தக் கம்பெனி ஹாஸ்டல் பெண்களுக்குச் சுடிதார் தைத்து மிஞ்சும் துண்டுகளில் ஒன்றைக்கூட நீங்கள் எறிந்ததில்லை. ஊருக்குத் திரும்புகிறவளுக்கு, அவளுடைய துண்டுகளையே சதுரமாக வெட்டி இணைத்து, உள்ளே பழைய வேட்டியை வைத்து, கைக்குழந்தை படுக்கும் அளவில் ஒரு விரிப்பு தைத்துக் கொடுப்பீர்கள். "ஷிப்ட் ஷிப்ட்டா ஓடிக்கினு இருந்ததுக்கு இன்னா மிச்சம் கீது இதுங்களுக்கு? பொறக்கிற கொழந்தைக்குக் கீழ போடட்டும்" என்பீர்கள்.

எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. "கல்யாணமே ஆகுமோ ஆகாதோ, நீங்க கொழந்தைக்குத் தைக்கிறீங்க" என்றேன் ஒருமுறை. "நீ போய் காலேஜ்ல பாடம் எடு டீச்சரே, நான் இத்த பாத்துக்கறேன்" என்று நூலைப் பல்லால் கடித்தீர்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தெரியாதவள் நான். ஒழுங்குபடுத்தத் தெரியும். கட்டிலடியில் அழுக்கு மஞ்சள் பைகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் எல்லா நிறமும் கலந்திருந்தது. அத்தனையையும் கொட்டி, இஸ்திரி போட்டு, நிறம் நிறமாக டப்பாக்களில் அடுக்கினேன். பைகள் குப்பை வண்டியில் போயின.

வீடு திரும்பியதும் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தீர்கள். குனிந்து கட்டிலடியையும் பார்த்தீர்கள். "அயகா கீது டீச்சர்" என்றீர்கள். அதன்பிறகு மிஷினில் உட்காரவே இல்லை. உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"உன்னுது என்ன கலரும்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"கலரா? எங்க ஊரு ஜவுளிக்கடை மஞ்சப் பையிலல்ல போட்டு வச்சிருந்தாக! ஒவ்வொருத்திக்கும் அவ அவ ஊருப் பை. அதான் அக்காவுக்கு அடையாளம்."

டப்பாவைக் கிளறினாள். ஒரு நீலத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நீலம் எல்லாருந்தான் போட்டோம்" என்று சொல்லி, மடித்துத் திரும்ப வைத்தாள். "பரவால்ல டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நான் தைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்து?

என் மனம் நோகக் கூடாதென்று பேசாமல் இருந்தீர்கள். அதை நான் நன்றியோடு நினைக்கவில்லை அக்கா. அன்றே திட்டியிருந்தால், எது யாருடையது என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிவைத்திருப்பேன். நீங்கள் கண் மூடுவதற்குள் அதற்கு நமக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

பைகள் எத்தனை என்றுகூட நான் எண்ணவில்லை. இன்னும் எத்தனை பேர் வந்து கதவைத் தட்டுவார்களோ. தட்டினால் டப்பாக்களைத் திறந்து காட்டுவேன். நிறங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கின்றன.