பட்டினி போட்டவர்களிடம் என் மகளை ஒப்படைக்க வேண்டாம்

அனுப்புநர்:
இ. ராசாத்தி,
க/பெ. இளவரசன்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பொருள்: என் இரண்டு வயது மகள் யாழினியைப் பட்டினி போட்டு அடைத்து, என்னைத் தாக்கியவர்கள் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சத்திரம் பேருந்து நிலையம் அருகே துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கணவர் இளவரசன் அரியமங்கலத்தில் லேத் பட்டறைத் தொழிலாளி. எங்கள் மூத்த மகன் காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்தவன், விடிந்தபோது எழவில்லை. பிள்ளையை விழுங்கிய பீடை என்று கணவர் வீட்டார் என்னைத் தூற்றினார்கள்.

2. யாழினிக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் அவன் இறந்த காரணம் தெரிந்தது. செல்லுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் கொழுப்பை உடைத்துச் சக்தியாக்கும் நொதி அவளுக்கு வேலை செய்யவில்லை. நாம் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கை கொடுக்கும், அவளுக்குக் கொடுக்காது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கி உயிர் போய்விடும். வேளாவேளைக்கு உணவு தந்தால் போதும். இக்குறை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது என்று மருத்துவர் சொன்ன அன்றுதான் கணவர் என்னை முதன்முதலாக அடித்தார்.

3. கடந்த வாரம் நான் கடையில் இருந்தபோது, கணவர் குழந்தையை முசிறியில் உள்ள தன் அண்ணன் ரத்தினவேல் வீட்டுக்குத் தூக்கிச் சென்றார். இரவு வீடு திரும்பியதும் விவரம் அறிந்து ஓடினேன். குழந்தையைக் காலையிலிருந்து சோறில்லாமல் அறையில் பூட்டியிருந்தார்கள். “பட்டினி கெடந்தாத்தான் பீடை எறங்கும், நீ போயிடு” என்று ரத்தினவேல் என் தலைமுடியைப் பிடித்து வாசலில் இழுத்துப் போட்டார். மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் என் இடது கை முறிந்தது. கணவர் என் கழுத்தில் கால் வைத்து நின்றார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தாள். பிறகு அழுகை நின்றுவிட்டது.

4. அதற்கு மேல் என்னால் கிடக்க முடியவில்லை. கணவரின் காலைக் கடித்துப் பிய்த்து எழுந்தேன். கீழே கிடந்த மண்வெட்டியை வலது கையால் எடுத்து ரத்தினவேலின் முழங்காலில் வெட்டினேன். பூட்டை உடைத்தேன். யாழினி கண் செருகிக் கிடந்தாள். ரத்தினவேலின் பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநர் சேக் மைதீன் அண்ணன்தான் எங்களை மருத்துவமனையில் சேர்த்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இப்போது கண் திறந்து பார்க்கிறாள். அம்மா என்று கூப்பிடுவதில்லை.

5. நான் ரத்தினவேலைக் கொல்லப் பார்த்தேன் என்றும், குழந்தையைத் தங்களிடம் தர வேண்டும் என்றும் கணவரும் ரத்தினவேலும் புகார் கொடுத்துள்ளனர். வெட்டியது உண்மை, மறுக்கவில்லை. அதற்கு என் மீது வழக்குப் பதியுங்கள். குழந்தையைச் சாகடிக்கப் பார்த்த அவர்கள் மீதும் பதியுங்கள். என்னைச் சிறையில் வைப்பதானால், பசி என்று அவள் அழுதால் உடனே சோறு ஊட்டும் ஒருவர் கையில் அவளைச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு என்னை அழைத்துச் செல்லும்படி பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 14.03.2025

இப்படிக்கு,
இ. ராசாத்தி