நடுவில் அணையக் கூடாத தீ

என் அன்புத் தம்பி முருகேசா,

நீ போய் நான்கு மாதம். அழுகை இன்னும் வரவில்லை. உன் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைக்கிறேன். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஒரு செய்தி. எரிசக்தி ஆராய்ச்சிக்கான அரசுப் பணத்தில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று டெல்லிக்கு மனு எழுத, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் போடி நூலகத்தில் கூடினோம். சூரியனுக்குள் நடப்பதுபோல் அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்கும் உன் ஆராய்ச்சியையும் சேர்க்கச் சொன்னேன். பணம் நின்றதால் துணி போட்டு மூடிய உன் கருவியைப் பற்றியும் பேச நினைத்தேன். அதற்குள் ஒரு குரல் குறுக்கிட்டது.

குரங்கணியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மாரிச்சாமி அண்ணன் எழுந்தார். "ஏந்தாயி டீச்சரு, மலைக்கு மேல ஒழுங்கா கரண்டு இல்ல. மொதல்ல அதக் கொண்டாரச் சொல்லு. அப்புறமா சூரியனக் கொண்டாருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

வகுப்பில் கேட்பதுபோல் கேட்டேன். "அண்ணே, தீ மூட்டி ஒணத்துற ஸ்டோர்ல ஏலக்காய் காயுறப்ப, விறகு மிச்சமாகும்னு நடுவுல தீய அணைப்பீகளா?"

"அணைச்சா காய் வெளுத்துப் போகுமே! எங்க ஸ்டோர்ல ஒந்தம்பிதான் ஒருதடவ பொஸ்தகம் படிச்சுக்கிட்டே அணைய விட்டுட்டு..." சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எனக்குள் ஒன்றும் அசையவில்லை. மேலே சொன்னேன்: "உங்க கரண்டுதான் மொதல்ல. பெரும்பங்கு அதுக்கே போகட்டும். இதுக்குக் கொஞ்சமாக் குடுத்தாலும் நிறுத்தாமக் குடுக்கணும்ண்ணே. ஒரு வருசம் குடுத்து மறு வருசம் நிறுத்துனா, போட்டதும் வீணாப் போகும்."

"எப்பத்தான் வரும் அது?"

"நம்ம காலத்துல வராதுன்னு தம்பியே சொன்னான்."

"பொய் சொல்லத் தெரியாத பய," என்றார். பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார்.

நான் கேட்டது சரிதானா, முருகேசா? விளக்கு சரியாக எரியாத வீட்டுக்காரரிடம் அந்தச் சிறு பங்கையும் கேட்க நமக்கு உரிமை உண்டா? மனுவை அனுப்பிவிட்டேன். இன்னும் தெரியவில்லை.

பதில் வந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன். வராவிட்டால் மறுபடி எழுதுவேன். நடுவில் நிறுத்த மாட்டேன்.

உனக்கு மூத்தவள்,
அக்கா ராசாத்தி