ஆறு மணிக்குள் மதுரை

ஏப்ரல் 28, திங்கள்

வெயில். மத்தியானம் ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பிளஸ் ஒன் முடிந்துவிட்டது, இதை இனி யாரும் திறக்க மாட்டார்கள். அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போன் வெளிச்சம் போர்வைக்குள்ளே. வேர்க்கிறது.

டூர் முடிவாகிவிட்டது! முதலாளி ஆறு நாளைக்கு வேனைத் தருகிறார். டீசல் மட்டும் எங்களுடையது. அப்பா அவரிடம் பதினாறு வருஷமாக ஓட்டுகிறார், எங்களுக்கென்று ஒருநாள்கூட வண்டி கேட்டதில்லை. இப்போது ஏன் கேட்டார், புரியவில்லை. அப்பா, அம்மா, நான். திண்டிவனத்திலிருந்து அத்தை, மாமா. ஐந்து பேர், பன்னிரண்டு சீட்.

"ரூட்டு நீ போடு செல்வி. போன்ல பாத்து கிலோமீட்டர் எழுது" என்றார் அப்பா. போட்டேன்.

வியாழன் (மே 8) – விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர். பெரிய கோயில். தங்கல்.
வெள்ளி – திருச்சி வழியாக மதுரை. 5.30-க்குள் ரூம்.
சனி – மதுரை.
ஞாயிறு – ராமேஸ்வரம். கடலில் குளியல்.
திங்கள் – திரும்பி திருச்சி. தங்கல்.
செவ்வாய் – வீடு, மாலை 4.

அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, எல்லா ஊருக்கும் பொழுதோட போய்ச் சேர்றோம், பள்ளிக்கூடத்து டைம்டேபிள் மாதிரி" என்றாள். சிரித்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இருட்டினால் அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது. இனிமேல் மா.க. என்று மட்டும் எழுதுவேன்.

மார்கழியில் தெரிந்தது. வளவனூர் கல்யாணச் சவாரியை இறக்கிவிட்டு நானும் அப்பாவும் திரும்பி வந்தோம். மணி ஏழு. "முன்னாடி நிக்கிறது லாரியா?" என்று கேட்டார். லாரி இல்லை. மதகுச் சுவர். நான் கத்தினேன். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. அப்பா ரொம்ப நேரம் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத. டிரைவர் பேட்ஜ் போச்சுன்னா நமக்கு வேற ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் ராத்திரிச் சவாரி வந்தால் உடம்பு சரியில்லை என்கிறார். தவிர்க்க முடியாதபோது நான் முன் சீட்டில். "லைட்டு வருதுப்பா. லெப்ட்ல சைக்கிள். ஸ்பீடு பிரேக்கர்." பொங்கலுக்கு அத்தை, மாமாவைத் திண்டிவனத்திலிருந்து அப்படித்தான் கூட்டி வந்தோம். மாமா பின்னாலிருந்து, "என்னா மச்சான், பொண்ணுக்கு வாயே மூடல, ரேடியோ மாதிரி" என்றார்.


ஏப்ரல் 30, புதன்

காலையில் லேசான மேகம், ஏமாற்றிவிட்டுப் போனது. துணி துவைத்தேன். சாப்பாட்டுக்குக் கேப்பைக் களி.

மாமா போன். மல்லாட்டை மண்டியில் வேலை, அவர் பேசினால் எப்போதும் பின்னால் வேர்க்கடலை மூட்டை இறக்குகிற சத்தம்.

"மச்சான், மதுரை வரைக்கும் போய்ட்டு கொடைக்கானல் போவலன்னா எவனாவது மதிப்பானா? சனிக்கிழம காலையில ஏறி, ஏரிய பாத்துட்டு, ராத்திரி இறங்கிடலாம்."

அம்மா உடனே எழுந்து உட்கார்ந்தாள். அவள் குளிர் என்றால் என்னவென்று பார்த்ததில்லை. "ஸ்வெட்டர் வேணுமாங்க?" என்று அப்பாவைக் கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அப்பா, "பாக்கலாம் மாப்ள" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. தங்கச்சி புருஷன் முன்னால் மலை ஏற்றம் முடியாது என்று ஒரு டிரைவர் எப்படிச் சொல்வார்?

போனில் பார்த்தேன். மதுரையிலிருந்து ஏற நாலு மணி நேரம். வளைவுகள், பள்ளம், மூடுபனி. ராத்திரி இறங்குவது. வளைவில் "லைட்டு வருதுப்பா" என்று நான் சொல்வதற்குள் லைட் வந்துவிடும்.


மே 1, வியாழன்

அப்பா வேன் கழுவினார். நான் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மதுரையில சனிக்கிழம காலைய காலியா வை."

"கொடைக்கானலுக்காப்பா?"

"இல்ல. மதுரையில பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்குது. காலையில போய் டோக்கன் போட்டா மத்தியானத்துக்குள்ள பாத்துடுவாங்களாம். டூரே அதுக்குத்தான் போட்டேன்."

பாண்டியிலேயே இருக்கிறதே என்றேன். "நம்ம ஸ்டாண்டு பசங்க தெனம் அங்கதான் சவாரி ஏத்திக்கினு போறானுங்க. ஒருத்தன் பாத்தா போதும், சாயங்காலமே முதலாளிக்கு போன் போயிடும்."

அம்மாவிடம் என்ன சொல்வது? கோயிலில் விட்டுவிட்டு, வண்டி சர்வீஸ் என்று சொல்லலாமாம்.

ஆக, ஒரு சனிக்கிழமை. ஆஸ்பத்திரி அல்லது கொ.கா. இரண்டும் முடியாது. ஞாயிறு ராமேஸ்வரத்தைத் தள்ளலாமா? அத்தை விடமாட்டாள், அவள் மாமனாருக்குத் திதி கொடுக்க வேண்டும்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.


மே 3, சனி

பொய் சொல்லிவிட்டேன்.

கொ.கா. போக வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். மாமா என்னை எடுக்கச் சொன்னார். நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. சாயங்காலம், "கிடைக்கல மாமா, சீசன், எல்லாம் ஃபுல்" என்று மெசேஜ் போட்டேன். அவர் அழுகிற முகம் ஒன்று அனுப்பினார். அம்மா ஸ்வெட்டரை மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. சிவப்பு, ஒரு பட்டன் இல்லை.

சனிக்கிழமை காலை தப்பித்தது.

நாளை திண்டிவனம். மத்தியானச் சாப்பாடு, டூர் பேச்சு, நாலு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்று அப்பா சத்தியம் செய்திருக்கிறார்.


மே 5, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கத்திரி தொடங்கிய நாள். தார் உருகியது.

அத்தை வீட்டில் மீன் குழம்பு. சாப்பிட்டு முடிந்ததும் மாமா போனை எடுத்தார். "வண்டி நம்பர் சொல்லு மச்சான்." தட்டினார், தட்டினார். "இந்தா. ரெண்டு நிமிஷம்! இ-பாஸ் ரெடி. ஏம்மா செல்வி, ஃபுல்லுன்னியே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை, "பன்னெண்டாவது போற பொண்ணு, இது கூடத் தெரியல. நாங்க எட்டாவதுதான் படிச்சோம்" என்றாள். மாமா, "வுடு வுடு, நெட்டு பேஜாரு பண்ணியிருக்கும்" என்றார். எனக்காகப் பேசினார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பா தலையை ஆட்டினார். "சரி மாப்ள, போலாம்."

போலாம்!

அப்புறம் கிளம்புகிற நேரம் பற்றிப் பேச்சு. டீ. பிறகு மல்லாட்டை வேகவைத்துக் கொடுத்தாள் அத்தை. நான் நாலு மணிக்குச் சொன்னேன், அஞ்சுக்குச் சொன்னேன். "இருடி, என்னா ஜல்தி?" நாங்கள் வேனில் ஏறும்போது ஆறே முக்கால்.

திண்டிவனம் தாண்டி ஹைவே. அம்மா பின்னால் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் முன்னால், மெதுவான குரலில். "லைட்டு. லைட்டு. லெப்ட்ல பஸ்ஸு நிக்குது." அப்பா சட்டை முழுக்க வேர்வை. எதிரே ஒரு ஆம்னி பஸ் முழு வெளிச்சம் போட்டு வந்தது. அது போனதும் அப்பா, "ஒண்ணும் தெரியல செல்வி" என்றார். சின்னப் பையன் சொல்வதுபோல.

ரோட்டோரம் ஒரு டிராக்டர், கரும்பு ஏற்றியது, பின்னால் விளக்கே இல்லை. எனக்கே கடைசியில்தான் தெரிந்தது.

"ரைட்டுல ஒடிப்பா!"

ஒடித்தார். கரும்புத் தோகை என் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் இப்போதும் காதில்.

"நிறுத்து. கூட்டேரிப்பட்டு வந்துடுச்சு, லெப்ட்ல டீக்கடை, மெதுவா, இன்னும், நிறுத்துப்பா."

வண்டி நின்றது. அம்மா, "என்னா ஆச்சு, பஞ்சரா?" என்றாள்.

சொல்லிவிட்டேன். மா.க. என்று இல்லை. முழுசாக. மாலைக்கண்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எப்பலேர்ந்து?"

"மார்கழி" என்றேன்.

"அப்ப பொங்கலுக்கு?"

அப்பா இன்ஜினை அணைத்தார். அம்மா இறங்கிப் போய் டீக்கடை விளக்கின் கீழ் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பி வந்து கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தார்.

வேனை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். அப்பா டிரைவருக்குப் பின் சீட். எதிர் வெளிச்சம் வரும்போதெல்லாம் அவர் கால் தரையை மிதித்தது, பிரேக் போல. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தார்.

இன்று விடிந்ததும் போய் வண்டியை எடுத்து வந்தார். சாயங்காலம் ஐந்தரைக்குச் சாவி அம்மா இடுப்பில்.


மே 7, புதன்

இரண்டு சொட்டு மழை. புழுக்கம் அதிகமானதுதான் மிச்சம்.

காலையில் அம்மா என் ரூட் பேப்பரை எடுத்தாள். பென்சில் கேட்டாள். "சனி" என்ற இடத்தில் மாமா எழுதச் சொன்ன கொ.கா.வை அடித்தாள், பேப்பர் கிழிகிற அளவுக்கு. பக்கத்தில் எழுதினாள்: ஆஸ்பத்திரி. பிறகு அதன் கீழே, எல்லாரும்.

பத்து மணிக்கு அத்தை போன், மாமாவின் மண்டியிலிருந்து. அம்மா ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தரையில் வைத்தாள். அப்பா வாசற்படியில் ஷூ துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நாளைக்கு ஆறுலேர்ந்து ஏழரை எமகண்டம். நாலரைக்கே வண்டிய எடுத்துடணும். நாங்க சாயங்காலமே பஸ்ஸு ஏறி வந்துடறோம்."

"விடிஞ்சாத்தான் எடுப்போம் வசந்தா."

"எமகண்டத்துலயா? ஆறு நாள் பயணம், விளையாட்டா?"

"அஞ்சு மணிக்கு எடுத்து தெருமுனை பிள்ளையார் கோயிலாண்ட நிறுத்திடுவோம். எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டா கெளம்பினதா கணக்கு. வெளிச்சம் வந்ததும் ஏறிக்கலாம்."

அத்தையிடமிருந்து மாமா போனை வாங்கினார். "என்னாக்கா புதுசா? தெனமும் விடிஞ்சாத்தான் எடுப்பீங்கன்னா கொடைக்கானல்ல ஏரி எப்ப பாக்கறது? மச்சானுக்கு மலை ஓட்ட பயமா?" சிரித்தார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா ஷூவைக் கீழே வைத்தார். வந்து போன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள. எனக்கு இருட்டுனா கண்ணு தெரியல. மதுரையில காட்டப் போறேன்."

மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று மூட்டை.

"பொங்கலுக்கு ராத்திரியில எங்கள ஏத்திக்கினு வந்தியே மச்சான்?"

"நான் ஸ்டியரிங்கதான் புடிச்சேன். ஓட்டுனது செல்வி."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பாத்திரம் எல்லாம் கழுவியே இருந்தது. மறுபடி கழுவினேன்.

மாமாவின் குரல் அங்கேயும் கேட்டது. சிரிப்பு இல்லாத குரல், எனக்குப் பழக்கமில்லாதது. "ஏய் ரேடியோ. அங்க இருக்கியா? சனிக்கிழம டோக்கனு எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கே போவணும் மாமா."

"சரி. வரிசையில நான் நிக்கறேன். நீ தூங்கு."

டாக்டர் என்ன சொல்வார், பேட்ஜ் இருக்குமா, தெரியாது. அம்மா ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எடுத்து வைக்க வேண்டியவை: ரூட் பேப்பர், ஆதார் ஐந்து, எலுமிச்சம்பழம் நாலு, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடிச் சீட்டு. அஞ்சு மணிக்கு வண்டிக்கு முன்னால் நான் நடக்க வேண்டும். டார்ச்சுக்குப் புது பேட்டரி ரெண்டு.