கருகிய இலையும் பச்சை இலையும்

ஜூலை 9, லம்பா லைன்.

இன்றைய பேப்பரில் என் செய்தி தவறு. நேற்று ஆராய்ச்சிப் பண்ணையில் நிருபர்களுக்கு இரண்டு ரக மிளகாய்ச் செடிகளைக் காட்டினார்கள். முந்தின நாளே இரண்டின் இலையிலும் பாக்டீரியாவை ஊசியால் ஏற்றியிருந்தார்கள். ஒன்றில் ஊசி பட்ட இடம் கருகியிருந்தது. மற்றது முழுப் பச்சை. பச்சைச் செடிதான் நோயை வென்றது என்று நானே முடிவுகட்டி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முப்பது வருடமாக வேறு பேப்பரில் எனக்குப் போட்டியான பாஸ்கரன் மட்டும் நின்று, பண்ணை விஞ்ஞானியிடம் "மேடம், இது ஏன் கருகிச்சு?" என்று கேட்டிருக்கிறான். அந்தச் செடி கிருமியை உடனே கண்டுகொண்டு, அதைச் சுற்றியிருந்த தன் செல்களைத் தானே சாகடித்து வழியை அடைத்துவிட்டதாம். பச்சைச் செடிக்குக் கிருமி வந்ததே தெரியவில்லை. சில நாளில் நோய் பரவிவிடும்.

மாலையில் அவனே போன் செய்தான். "அரே பாய், சீக்கிரம் திருத்தம் போடு. ஹட் பே ஊர்லேர்ந்து ஒரு விவசாயி பண்ணைக்குப் போன் போட்டு, அந்தப் பச்சைச் செடியோட விதைதான் வேணும்னு நிக்கிறானாம்." குரலில் கொஞ்சம் கேலி இருந்திருந்தால்கூடத் தேவலை.

திருத்தம் அனுப்பிவிட்டேன். ஒரு பிழையாவது அகப்படாதா என்று அவன் கட்டுரையை மூன்றாம் தடவை படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை.