மன்னருக்குத் தெரியாது என்றொரு வசனம்

மாற்றி எழுதிய வசனம் அன்று மேடையில் உனக்கு மறந்துவிட்டதா, வேண்டுமென்றேதான் பழையதைச் சொன்னாயா? பதினெட்டு வருடமாக யோசிக்கிறேன்.

போன மாதம் குளிருக்கு ரஜாய் போர்வையை எடுக்கப் பெட்டிக் கட்டிலைத் திறந்தபோது, நாப்தலின் வாசனையோடு உன் நாடக நோட்டு வந்தது. கிட்வாய் நகர் வீட்டில், அலுவலகம் விட்டு வந்து, சப்பாத்தி மாவு ஒட்டிய விரல்களோடு நீ எழுதியது. ஏரிக்கரை நிலத்தைப் பறித்த மன்னன், 'மக்கள் மனமுவந்து தந்தார்கள்' என்று ஓலை எழுதச் சொல்கிறான். அரண்மனை எழுத்தர் மறுக்கிறார். ஆண்களுக்கு லீவு கிடைக்காததால் எழுத்தராக நீயே மீசை ஒட்டிக்கொண்டாய். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "மேடையேற வெக்கம், ஒளிஞ்சு நின்னு எல்லாரையும் பேச வைப்பே," என்பாய்.

தலைமை விருந்தினர் உன் மேலதிகாரி என்றதும் தமிழ்ச் சங்கச் செயலாளர் பதறினார். "எழுத்தர் பேசறதை 'மன்னருக்குத் தெரியாது, கீழே இருக்கறவங்க செஞ்ச தப்பு'ன்னு மாத்திடுங்கம்மா. என்ன குறைஞ்சுடும்?"

"அச்சா சார்," என்று ஒப்புக்கொண்டாய்.

ஒரு குடிசைப் பகுதியினர் தாமாகவே காலி செய்தார்கள் என்ற கோப்புக் குறிப்பை அந்த மாதம்தான் அந்த மேலதிகாரிக்கு நீ எழுதிக் கொடுத்திருந்தாய். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

மாற்றிய வசனத்தை நோட்டின் ஓரத்தில் எழுதியவள் நான். மேடையில் அதைத்தான் இரண்டு முறை எடுத்துக் கொடுத்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "ஓலை உங்களுடையது, அரசே. கை என்னுடையது. அவர்கள் தரவில்லை, நீங்கள் பறித்தீர்கள்."

அடுத்த மாதம் உன்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல மாட்டேன்; ஆதாரம் இல்லை. ஏன் பழையதைச் சொன்னாய் என்று கேட்டபோதெல்லாம் "மறந்துபோச்சுடி" என்று சிரித்தாய்.

இப்போது நீ இல்லை; உன் நினைவாக அதே நாடகம். எழுத்தராக உன் மகள். தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிப் படிப்பவள். பாதி வசனத்துக்கு என்னைத்தான் நம்பியிருந்தாள். சனிக்கிழமை கடைசி ஒத்திகையில் புதிய செயலாளர் அதே திருத்தத்தோடு வந்தார்.

"மேடம், வர்றவர் கையிலதான் நம்ம ஹால் அனுமதி இருக்கு. 'மன்னருக்குத் தெரியாது'ன்னு போட்டுடலாம்."

"அந்த வரியை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்."

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கறோம்," என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தமிழை வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், மற்றவர் அவர். அவர்தான் மன்னர் வேடம்.

உன் மகள் கேட்டாள்: "ஆண்ட்டி, அம்மா எதைச் சொன்னா?"

"பழையதை. ஆனா மேடையில நிக்கப் போறது நீ. யோசிச்சுச் சொல்லு."

"தோ டீக் ஹை, அப்ப சரி. நானும் அதையே சொல்றேன்."

"ஹால் போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு," என்றார் செயலாளர்.

"எழுதிக் கொடுக்கட்டுமா?" என்றேன்.

உன்னிடமிருந்து துணிச்சல் வந்தது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். நான் சுமப்பது வேறு. அன்று உன் காதில் பொய்யை ஓதிய குரல் என்னுடையது. இரண்டு முறை ஓதினேன். மூன்றாம் முறை ஓத மாட்டேன். மந்திரியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலும்.

மறுநாள் மேடையில் நடந்தது இது. ஆறரைக்கு என்ற நாடகம் ஏழுக்குத் தொடங்கியது. அந்த இடம் வந்ததும் உன் மகள் நின்றுவிட்டாள். பழைய வசனத்தின் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மீதியை அவளே சொன்னாள், உச்சரிப்புப் பிழைகளோடு, உரக்க. விருந்தினர் கைபேசியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையில் தொடங்கிய கைதட்டல் முன்வரிசை வரை வரவில்லை. செயலாளர் கிரீடத்தைக் கழற்றாமலே நன்றியுரை வாசித்தார். மைக் செட்காரர் வரைக்கும் நன்றி சொன்னார். என் பெயர் வரவில்லை.